இருபதாம் வாரத்தில் பிடிபடாத குடலடைப்பு

கருவிலிருக்கும் குழந்தை பனிக்குட நீரை விழுங்குவதும் அதைச் சிறுநீராக வெளியேற்றுவதுமாகவே இருப்பதால், குடலில் எங்கேனும் அடைப்பு நேர்ந்தால் விழுங்கிய நீர் அதற்கு மேலே தேங்கி அப்பகுதியை விரியச் செய்கிறது. ஸ்கேன் படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும். ஆகவே மருத்துவர் கண்ணுக்கு முதலில் அகப்படுவது அடைப்பு அன்று, தேங்கிய நீரே.

இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல் அடைபட்டிருந்தால், வீங்கிய இரைப்பையும் குடலும் வயிற்றின் குறுக்குவெட்டுப் படத்தில் இரண்டு கறுப்பு வட்டங்களாக அருகருகே தோன்றும். ‘இரட்டைக் குமிழி’ எனப்படும் இதைக் கண்டதும் மருத்துவர் ஸ்கேன் கருவியை மெல்லத் திருப்பி, இரண்டும் நடுவே இணைகின்றனவா என்று பார்ப்பார். இணையாவிட்டால் இரண்டாவது வட்டம் வெறும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். முன்சிறுகுடல் அடைப்புள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதால், குரோமோசோம் பரிசோதனையும் இதய எக்கோவும் உடன் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் இக்குமிழிகள் பெரும்பாலும் 24 வாரங்களுக்குப் பிறகே தெளிவாகத் தெரிவதால், உடற்குறைகளைக் கண்டறிய எடுக்கும் 18–20 வார அனாமலி ஸ்கேனில் ‘நார்மல்’ என்று எழுதப்பட்டதை இறுதித் தீர்ப்பாகக் கொள்வது தவறு. பிந்தைய மாதங்களில் பனிக்குட நீர் மிகுந்து, மாதத்துக்கு மீறி வயிறு பெருத்தால் மறுபடியும் குடலைப் பார்க்க வேண்டும்.

சிறுகுடலின் கீழ்ப்பகுதி அடைப்பு வேறு வகை. 1955இல் கேப்டவுனில் அறுவை மருத்துவர்கள் லோவும் பர்னார்டும் (1967இல் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்திய அதே பர்னார்டுதான்) கருவிலிருந்த நாய்க்குட்டிகளின் குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாயைக் கட்டி, இரத்தம் தடைபட்டாலே இத்தகைய அடைப்பு உண்டாகும் என்று காட்டினர். இங்கே பல குடல் வளையங்கள் விரிந்து, அடைப்பை மீற நெளிவதைத் திரையிலேயே காணலாம். அடைப்பு எவ்விடம் என்பது தெளிவாகாதபோது எம்.ஆர்.ஐ. உதவுகிறது. மெக்கோனியம் எனப்படும் முதல் மலம் எம்.ஆர்.ஐ.யின் ஒருவகைப் படத்தில் வெண்மையாக ஒளிர்வதால், பெருங்குடல் நிரம்பியுள்ளதா, பயன்படாமல் சுருங்கியுள்ளதா என்பது புலப்படும்.

முன்பே அறிந்திருந்தால், குழந்தைகள் அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் நிகழத் திட்டமிடலாம். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிறந்ததும் பாலூட்டாமல், இரைப்பைக்குள் குழாய் செலுத்தித் தேங்கியதை வெளியேற்றி, இரத்த நாளம் வழியே திரவம் ஏற்றி, உடல்நிலை சீரான பிறகே அறுவைக்குக் கொண்டுசெல்வார்கள். அறியாமல் பால் கொடுக்கப்பட்ட குழந்தை வாந்தியெடுத்து, அது நுரையீரலுக்குள் போய், பிறகு ஆம்புலன்சில் தொலைவு கடந்து வரும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. எனினும், பிறந்தபின் திடீரென நேரும் குடல் முறுக்கத்தை எந்த ஸ்கேனும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே, அதன் அறிகுறியாக இருக்கக்கூடிய பச்சை நிற வாந்தியெடுக்கும் பச்சிளங்குழந்தையை, ஸ்கேன் அறிக்கைகள் எவ்வளவு நல்லவையாக இருப்பினும், உடனே அறுவை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.