ஸ்டெம் செல் கொடுத்த பிறகும் லுகேமியா திரும்புவது ஏன்? டோனர் மேல் தப்பா?

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா. லுகேமியா வந்த தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுத்தவர். தம்பி தேறி, வேலைக்கும் போகத் தொடங்கினார். பத்து மாதம் கழித்து நோய் திரும்பிவிட்டது. அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: "நீ பத்திரிகையிலதானே இருக்க, கேட்டுச் சொல்லு. என் செல்லுதான் சரியில்லையா?"

சொந்தக்காரர்களில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டாராம். அது உண்மையா? பார்ப்போம்.

திரும்பி வருவது யாருடைய செல்?

கிட்டத்தட்ட எல்லா ரிலாப்ஸிலும் திரும்புவது நோயாளியின் பழைய புற்றுசெல்தான். டோனரின் செல்லிலிருந்து புதிதாக லுகேமியா உருவாவது மிக மிக அரிது.

மாற்று சிகிச்சைக்கு முன் கடுமையான கீமோ, சிலருக்கு ரேடியேஷனும் கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்வார்கள். அதற்கும் தப்பி சில புற்றுசெல்கள் ஒளிந்திருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில்கூட அவை தெரியாது. ரிலாப்ஸ் தொடங்குவது அங்கேதான். அதனால் அக்காவின் கேள்விக்குப் பதில்: இல்லை.

அப்போ டோனர் செல் என்ன செய்யும்?

புது ரத்தத்தை உருவாக்குவது அதன் ஒரு வேலை. இன்னொன்று, காவல். டோனரின் டி செல்கள், மிச்சமிருக்கும் லுகேமியா செல்களை 'வேற்று ஆள்' என்று அடையாளம் கண்டு கொல்லும். மாற்று சிகிச்சையின் பாதி பலமே இதுதான்.

இதே டி செல்கள் சில நேரம் நோயாளியின் தோல், குடல், கல்லீரலையும் தாக்கிவிடும். இதை ஜி.வி.எச்.டி. என்பார்கள். அதைத் தடுக்கத்தான் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகள். ரொம்ப அடக்கினால் காவல் பலவீனமாகும், அடக்காமல் விட்டால் உடம்பு தாங்காது. டாக்டர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழி தேடுகிறார்கள்.

காவலையும் தாண்டி எப்படி வருகிறது?

லுகேமியா செல் வேஷம் மாற்றும். கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லின் மேலும் எச்.எல்.ஏ. என்ற அடையாள அட்டை இருக்கும். டோனரின் டி செல் அதைப் பார்த்துத்தான் தாக்கும். இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடம் செல் பெற்ற சிலருக்கு, திரும்பி வந்த லுகேமியா செல்களில் பொருந்தாத பாதி அடையாளமே காணாமல் போயிருந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டால் காவலர் எப்படிப் பிடிப்பார்?

எப்போது வரும், எப்படித் தெரியும்?

பெரும்பாலான ரிலாப்ஸ் முதல் 2 ஆண்டுகளுக்குள் வந்துவிடும். 5 ஆண்டு தாண்டினால் வாய்ப்பு மிகக் குறைவு. நோயின் வகை, அதன் மரபணு மாற்றங்கள், சிகிச்சையின்போது நோய் எவ்வளவு கட்டுக்குள் இருந்தது என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும், குறையும்.

இரண்டு சோதனைகள் முக்கியம். ஒன்று சிமெரிசம்: ரத்தத்தில் டோனர் செல் எவ்வளவு, பழைய செல் எவ்வளவு என்று பார்ப்பது. அக்கா தம்பிக்குக் கொடுத்திருந்தால், தம்பியின் ரத்த செல்களில் அக்காவின் எக்ஸ்-எக்ஸ் குரோமோசோம்தான் இருக்க வேண்டும். எக்ஸ்-ஒய் மறுபடி தலைகாட்டினால் எச்சரிக்கை. இன்னொன்று எம்.ஆர்.டி.: ஆயிரக்கணக்கான செல்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு புற்றுசெல்லைக்கூடத் தேடும் சோதனை.

காரணமில்லாத சோர்வு, காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் நீலத் திட்டுகள், நெறி கட்டுவது, விடாத தலைவலி, விதைப்பை வீக்கம்... இதெல்லாம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீங்க.

திரும்பி வந்தால் வழி இருக்கா?

இருக்கு. ஆனா எளிதில்லை. மாற்று சிகிச்சைக்குப் பிறகான உயிரிழப்புகளுக்கு ரிலாப்ஸ் முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பதை மறைக்க வேண்டாம்.

முதலில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைக்கலாம். நாமே நிறுத்துவது ஆபத்து. அடுத்து கீமோ, அல்லது மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகள்.

அதே டோனரிடமிருந்து லிம்போசைட்டுகளை எடுத்து ஏற்றுவது இன்னொரு வழி. சுருக்கமாக டி.எல்.ஐ. ஜெர்மனியின் மியூனிக்கில் இதைச் செய்து நோயைக் கட்டுப்படுத்திய முடிவுகள் 1990-ல் வெளியாயின. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் இது நன்றாக வேலை செய்யும். தீவிர லுகேமியாவில் பலன் குறைவு, ஜி.வி.எச்.டி. ஆபத்தும் உண்டு. அடையாள அட்டையைத் தொலைத்த வகை என்றால், வேறு டோனரைத் தேடி இரண்டாவது மாற்று சிகிச்சை செய்வது பற்றி யோசிப்பார்கள்.

கார்-டி சிகிச்சையும் இப்போது இருக்கிறது. பிரிட்டனின் 13 வயது அலிசாவுக்கு டி செல் லுகேமியா. கீமோ, மஜ்ஜை மாற்று இரண்டுக்கும் பிறகு நோய் திரும்பியது. 2022 மே மாதம் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், மரபணு திருத்திய டோனர் டி செல்களைச் செலுத்தினார்கள். 28 நாளில் நோய் அடங்கியது. பிறகு இரண்டாவது முறை மஜ்ஜை மாற்று செய்தார்கள்.

இந்தியாவில் ஐ.ஐ.டி. பாம்பே, டாடா மெமோரியல் கூட்டு முயற்சியில் உருவான நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இது பி செல் வகை நோய்களுக்கு மட்டும். செலவு பல லட்சம் ரூபாய். வெளிநாட்டை ஒப்பிட்டால் குறைவு, நம்ம தெருவுக்கு அது வீடு விற்கிற கணக்கு.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

சிமெரிசம், எம்.ஆர்.டி. ரிசல்ட் என்ன? நோயின் மரபணு மாற்றம் என்ன, அதற்கு மாத்திரை உண்டா? டி.எல்.ஐ. சரிவருமா? இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதா, காலத்தை நீட்டிப்பதா? எங்கள் நோய்க்கு ஆய்வுச் சிகிச்சை ஏதாவது நடக்கிறதா? அரசு உதவி கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு மருத்துவமனையின் சமூகப் பணியாளரையும் பாருங்கள். வலி, பயம் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் பேலியேட்டிவ் டீமை ஆரம்பத்திலேயே சேர்ப்பது தோல்வி இல்லை.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ திரும்பவும் என்கிட்டயே எடுக்கலாமா?"

எடுக்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அக்கா மேல் தப்பு இல்லை என்பதை வீட்டில் எல்லோரும் இன்றைக்கே சொல்லலாம்.