தூக்கு மேடை வரை கொண்டுபோன முக்கால் மணி நேரம்

14 வயதுப் பையனுக்குத் தூக்குத் தண்டனை! கனடா நாட்டையே உலுக்கிய தீர்ப்பு இது. ஒரு டாக்டர் குறித்துச் சொன்ன நேரந்தான் அவனைத் தூக்கு மேடை வரை கொண்டுபோனது.

சைக்கிள் சவாரி

1959-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி மாலை. ஒண்டேரியோ மாகாணத்தில் கிளிண்டன் என்ற ஊர். ஊருக்கு அருகே விமானப்படை முகாம். அங்கு வசித்த மாணவன் ஸ்டீவன் டிரஸ்காட். தன்னோடு படித்த 12 வயதுச் சிறுமியை, 7 மணிக்குப் பிறகு சைக்கிளில் ஏற்றிச் சென்றான்.

அவளை நெடுஞ்சாலையில் இறக்கி விட்டதாகவும், அவள் ஒரு காரில் ஏறியதைப் பார்த்ததாகவும் அவன் போலீசாரிடம் சொன்னான். 8 மணி சுமாருக்கு அவன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி விட்டான். அவனைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

சிறுமியோ வீடு திரும்பவில்லை. 2 நாள் கழித்து, அந்தச் சாலை ஓரத்துக் காட்டில் பிணமாகக் கிடந்தாள். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது.

டாக்டர் சொன்ன நேரம்

பிரேதப் பரிசோதனை செய்தவர் டாக்டர் பெனிஸ்டன். சிறுமி மாலை 5-45 மணி அளவில் சாப்பிட்டு முடித்திருந்தாள். அந்த உணவு இரைப்பையில் இன்னும் இருந்தது. அதைப் பார்த்த டாக்டர், 7 மணிக்கும் 7-45 மணிக்கும் இடையே மரணம் நேர்ந்தது என்றார்.

அந்த நேரத்தில் அவளோடு இருந்தவன் யார்? டிரஸ்காட்! மரணம் 8 மணிக்குப் பிறகு என்றால், அவன் குற்றவாளியாக இருக்க முடியாது. வழக்கு முழுவதும் அந்த முக்கால் மணி நேரத்தில் தொங்கியது.

செப்டம்பர் 30-ந் தேதி தீர்ப்பு. தூக்கு! 1960-ம் ஆண்டு ஜனவரியில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

வயிறு கடிகாரமா?

நாம் சாப்பிடும் சோறு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செரித்து விடுவதில்லை. உணவின் வகை, அளவு, உடல்நிலை எல்லாவற்றையும் பொறுத்தது அது. பயமும் கவலையும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆன பிறகும் இரைப்பையில் உணவு இருக்கலாம். அதை வைத்து நிமிடக் கணக்கில் மரண நேரம் சொல்ல முடியாது.

1966-ம் ஆண்டு, டாக்டர் பெனிஸ்டனே தம் கணக்கை மறுபடி யோசித்துப் பார்த்தார். முன்பு சொன்னது போல அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் அடக்க முடியாது என்று கருதினார். அதே ஆண்டு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. லண்டன் நிபுணர்கள் இருவர் சாட்சி சொன்னார்கள். கீத் சிம்ப்சன் பழைய கணக்கை ஆதரித்தார். பிரான்சிஸ் கேம்ப்ஸ் மறுத்தார். 1967-ல் 8 நீதிபதிகள் தண்டனை சரி என்றனர். எம்மட் ஹால் என்ற ஒரே நீதிபதி மாறுபட்டார்.

48 ஆண்டுகளுக்குப் பிறகு

1969-ல் டிரஸ்காட் பரோலில் வெளியே வந்தார். ஆனால் கொலைகாரன் என்ற பெயர் போகவில்லை. வேறு பெயர் வைத்துக்கொண்டு, திருமணம் செய்து, குழந்தைகளை வளர்த்தார்.

மறுபடி விசாரணை நடந்தது. டாக்டரின் பழைய குறிப்புகளில் வேறு நேரங்கள் எழுதப்பட்டிருந்தது தெரிய வந்தது. இரைப்பையை வைத்துச் சொன்ன நேரம் நம்பத்தக்கது அல்ல என்று இன்றைய மருத்துவம் காட்டியது. உடலில் இருந்த புழுக்களின் வளர்ச்சியையும் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். அதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

2007-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி, ஒண்டேரியோ அப்பீல் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. நடந்தது அநீதி என்றும் சொன்னது. 2008-ல் அரசு 65 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுத்தது.

14 வயதில் சிறைக்குப் போனவருக்கு நீதி கிடைத்தபோது வயது 62. சிறுமியைக் கொன்றது யார்? அது மட்டும் நிரூபிக்கப்படவே இல்லை.