இதயத்தசை நோய்

இதயத்தசை நோய் (கார்டியோமயோபதி) என்பது இதயச் சுவரின் தசை விரிந்தோ, தடித்தோ, இறுகியோ போவதால் இதயம் சரிவர இயங்க முடியாமல் போகும் நோய்களின் தொகுப்பு ஆகும். இது மாரடைப்பிலிருந்து வேறுபட்டது. மாரடைப்பில் இதயத்துக்கு இரத்தம் தரும் குழாய் அடைபடுகிறது. இதயத்தசை நோயில் தசையே பழுதடைகிறது. இதன் பல வகைகள் பரம்பரையாக வருபவை. ஆகவே ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரையும் சோதிக்க வேண்டும்.

வகைகள்

விரிந்த வகை: இடது கீழறை பெருத்து, சுவர் மெலிந்து, உந்தும் வலிமை குறைகிறது. மரபணு மாற்றம், வைரசு தொற்று, நெடுநாள் மதுப்பழக்கம், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவை காரணமாகலாம். கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவத்துக்குப் பின் 5 மாதங்கள் வரை பெண்களுக்கு வரும் பேறுகால இதயத்தசை நோயிலும் இதயம் இவ்வாறே பலவீனமடைகிறது.

தடித்த வகை: பெரும்பாலும் பரம்பரையானது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பெரியவர்களில், வேறு காரணமின்றிச் சுவர் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் இந்நோய் எனக் கொள்ளப்படுகிறது. விளையாடும்போது இளைஞர்கள் திடீரென இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இறுகிய வகை: தசை விறைப்பதால் கீழறைகளில் இரத்தம் எளிதில் நிரம்பாது. கேரளக் கடலோரத்தில் முன்பு அதிகமாகக் காணப்பட்ட இதய உட்சுவர் நார்த்திசு நோய் இவ்வகையைச் சேர்ந்தது.

துடிப்புப் பிறழ்வு வகை: பெரும்பாலும் வலது கீழறைத் தசையின் இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்து, ஆபத்தான துடிப்புக் கோளாறு உண்டாகிறது.

தெற்காசிய மரபணு மாற்றம்

இதயத்தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போகும் மாற்றம் ஒன்று இந்தியத் துணைக்கண்டத்தினரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் உள்ளது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் இதனை வெளியிட்டனர். இம்மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதைப் பெறும் பிள்ளைக்குக் கடுமையான நோய் வரக்கூடும். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகள் என உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதயத்தசை நோய் இருந்தால், திருமணத்துக்கு முன் மருத்துவரிடம் ஆலோசிப்பது நல்லது.

அறிகுறிகள்

மூச்சு வாங்குதல், கால் வீக்கம், படபடப்பு, மயக்கம், மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவற்றை முதுமை என்றோ ஆஸ்துமா என்றோ பலர் விட்டுவிடுகின்றனர். சென்ற ஆண்டு கங்கைகொண்ட சோழபுரம் கோயில் படிகளில் நிற்காமல் ஏறியவர் இவ்வாண்டு பாதியில் நிற்க நேர்ந்தால், அதை வயதின் மேல் போடாமல் சோதிக்க வேண்டும். உழைப்பின்போது மயங்கி விழுவதும், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பதும் எச்சரிக்கைகள்.

கண்டறிதல்

ஈசிஜி, எக்கோ ஆகிய இரண்டும் அடிப்படைச் சோதனைகள். எக்கோவில் சுவரின் தடிமனும், ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் விழுக்காடும் தெரியும். இவ்விழுக்காடு இயல்பாக 55 முதல் 70 வரை இருக்கும். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, மரபணுச் சோதனை செய்யப்படும்.

சிகிச்சை

விரிந்த வகையில் இதயச் சுமையைக் குறைக்கும் மருந்துகள், பீட்டா தடுப்பான்கள், ஸ்பைரோனோலாக்டோன், டாபாக்ளிஃப்ளோசின் போன்றவை ஆயுளை நீட்டிக்கின்றன. நீர் பிரிக்கும் மாத்திரை வீக்கத்தைக் குறைக்கும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் போன்ற உப்பு மிகுந்த உணவுகளைக் குறைக்க வேண்டும். மதுவை அறவே விட வேண்டும்.

தடித்த வகையில் பீட்டா தடுப்பான் அல்லது வெராபமில் தரப்படுகிறது. தடித்த சுவர் இரத்த ஓட்டத்தை மறித்து, மருந்துக்கும் கட்டுப்படாவிட்டால், அப்பகுதியை அறுவை மூலம் செதுக்கி எடுப்பர். சிலருக்குக் குழாய் வழியாக ஆல்கஹால் செலுத்தி அதைச் சுருக்குவர்.

திடீர் மரண ஆபத்து உள்ளவர்களுக்கு, துடிப்புப் பிறழ்ந்தால் மின்னதிர்ச்சி தந்து சீராக்கும் ஐசிடி கருவி நெஞ்சில் பொருத்தப்படுகிறது. எதுவும் பலனளிக்காத நிலையில் இதயமாற்று அறுவை வழியாகும். இந்தியாவில் முதல் வெற்றிகரமான இதயமாற்று 1994 ஆகஸ்ட் 3 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பி. வேணுகோபால் தலைமையில் நடந்தது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் அரசுத் திட்டம் 2008 முதல் செயல்படுகிறது.

உடல் தேறியதும் மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. விரிந்த வகையிலிருந்து தேறியவர்களிடம் இலண்டனில் நடந்த ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது.

குடும்பத்தாரைச் சோதித்தல்

நெருங்கிய இரத்த உறவினர் ஒவ்வொருவருக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். ஒருமுறை இயல்பாக இருந்தாலும், நோய் பின்னாளில் தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் எடுக்க வேண்டும். கங்கைகொண்ட சோழபுரம் பகுதியினர் முதலில் ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையை அணுகி, அங்கிருந்து 2022இல் தொடங்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். நோயாளியின் பழைய எக்கோ அறிக்கையை உடன் கொண்டுசென்றால், எந்த வகை நோயைத் தேட வேண்டும் என்பது மருத்துவருக்கு எளிதில் விளங்கும்.