கண்டத்தைச் சுற்றும் கப்பல்: ஒவ்வொரு துறையும் ஒரு பரீட்சை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையிலிருந்து ஜனவரி மாதம் கிளம்பும் சில கப்பல்கள் தென் அமெரிக்காவை முழுதாக ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே கரைக்குத் திரும்புகின்றன. பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக் கடலில் இறங்கி, பெரு, சிலி கரையோரம் தெற்கே போய், கண்டத்தின் கடைக்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி, அர்ஜென்டினா, உருகுவே, பிரேசில் என்று வடக்கே ஏறுவது வழக்கமான பாதை. போகிற வழியில் அமேசான் ஆற்றுக்குள்ளும் நுழைந்து வெளியே வரும். ஏறத்தாழப் பத்து வாரம் பிடிக்கும். நமக்குக் குளிர்காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. தெற்குக் கடல் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவது அந்த மாதங்களில்தான்.

பயண விளம்பரங்களில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பயணி அந்த ஊர்களைப் பார்க்கப் போகிறார். கப்பல் அந்தந்த இடத்துத் தண்ணீரைச் சந்திக்கப் போகிறது. ஓரிடத்தில் தண்ணீர் குறுகலாக இருக்கும், இன்னோரிடத்தில் ஆழம் போதாது, வேறோரிடத்தில் உப்பே இருக்காது. ஒவ்வொன்றும் கப்பலின் ஒவ்வொரு உறுப்பைச் சோதிக்கிறது. அந்த வரிசையில் போனால் கப்பல் என்கிற இயந்திரமும் அதில் நடக்கும் வாழ்க்கையும் சேர்ந்தே புரியும்.

அகலத்துக்கு ஒரு பரீட்சை

முதல் சோதனை பனாமா. 1914இல் திறக்கப்பட்ட கால்வாயின் பழைய மதகுத் தொட்டிகள் 33.5 மீட்டர் அகலம் கொண்டவை. இந்த வகைப் பயணங்களுக்குப் போகும் 'ஹாலண்ட் அமெரிக்கா' நிறுவனத்தின் வோலண்டாம் கப்பலை எடுத்துக்கொள்வோம். நீளம் 237 மீட்டர், அகலம் 32 மீட்டருக்குச் சற்று மேல். பனாமாவுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே வைத்த அளவு அது. தொட்டிக்குள் நின்றால் பக்கத்துக்கு அரை மீட்டர் சொச்சம்தான் இடைவெளி. கீழ்த்தளத்து நடைபாதையில் நிற்பவருக்குக் கையெட்டும் தூரத்தில் பாசி படிந்த கான்கிரீட் சுவர் ஊர்ந்து போகும். சுவரின் மேல் தண்டவாளத்தில் ஓடும் இழுவை வண்டிகள் கம்பிவடங்களை விறைப்பாகப் பிடித்துக் கப்பலை நடுவில் நிறுத்துகின்றன. அவற்றுக்கு அங்கே 'மூலா', அதாவது கோவேறு கழுதை, என்று பெயர்.

கால்வாய்ப் பாதையில் உள்ள காதுன் ஏரி கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கிறது. மூன்று படிகளாகக் கப்பல் அங்கே ஏறுகிறது. ஏற்றுவதற்குப் பம்பு எதுவும் கிடையாது. மேலே இருக்கும் ஏரித் தண்ணீர் தன் எடையாலேயே தொட்டியில் இறங்கிக் கப்பலைத் தூக்கிவிடும். மறுபக்கம் அதே தண்ணீரை வடியவிட்டுக் கீழே இறக்குவார்கள். ஒவ்வொரு முறையும் ஏரியின் நன்னீர் கோடிக்கணக்கான லிட்டர் கடலுக்குப் போகிறது. அதனால்தான் 2023இல் மழை பொய்த்தபோது ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான் என்று கால்வாய் நிர்வாகம் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிவந்தது.

உலகின் பெரும்பாலான துறைமுகங்களில் வழிகாட்ட ஏறும் உள்ளூர் பைலட் ஆலோசனைதான் சொல்வார், பொறுப்பு கேப்டனுடையது. பனாமாவில் மட்டும் கப்பலின் கட்டுப்பாடு முழுவதும் பைலட் கைக்குப் போய்விடும்.

கரை தெரியாத நாட்கள்

பனாமாவைத் தாண்டினால் லிமா நகரின் துறைமுகமான கய்யாவ் வரை சில நாட்கள் கடல் மட்டும்தான். கப்பல்காரர்கள் இதை 'சீ டே' என்பார்கள். காலையில் அன்றைய நிகழ்ச்சிநிரல் தாள் கேபின் வாசலில் இருக்கும். திறந்த தளத்தில் சுற்றி நடப்பவர்கள் விடிகாலையிலேயே வந்துவிடுவார்கள். இத்தனை சுற்று நடந்தால் ஒரு மைல் என்று பலகையே மாட்டியிருக்கும். பத்து மணிக்கு அடுத்த ஊரைப் பற்றி ஒருவர் உரை நிகழ்த்துவார். மூலை மேசையில் யாரோ தொடங்கிவைத்த ஆயிரம் துண்டுப் படப்புதிரைப் போவோர் வருவோரெல்லாம் ஆளுக்கொரு துண்டு பொருத்திவிட்டுப் போவார்கள். நண்பகலில் ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் கேட்கும். கப்பல் இருக்கும் இடம், காற்றின் வேகம், அடியில் எவ்வளவு ஆழம் என்று சொல்வார். நாடு மாறும்போது கப்பலின் கடிகாரமும் மாறும், ஆனால் அது கேப்டன் அறிவிக்கும்போதுதான். எந்த ஊரில் இறங்கினாலும் திரும்பி வருவதற்குக் கப்பல் நேரம்தான் கணக்கு. கைப்பேசி தானாக மாற்றிக் காட்டும் உள்ளூர் நேரத்தை நம்பினால் கப்பலைத் தவறவிட நேரும்.

பயணிகளும் பணியாளர்களுமாக இரண்டாயிரம் பேர். இவர்கள் குளிக்க, சமைக்க, துவைக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கப்பலே காய்ச்சிக்கொள்கிறது. இன்றைய உல்லாசப் பயணக் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் டீசல் இயந்திரங்கள் நேராக ப்ரொபெல்லரைச் சுழற்றுவதில்லை. முதலில் மின்சாரம் தயாரிக்கின்றன. அதில் ஒரு பங்கு ப்ரொபெல்லர் மோட்டாருக்கும், மிச்சம் விளக்கு, அடுப்பு, குளிரூட்டிக்கும் போகிறது. இயந்திரத்தைக் குளிர்வித்துவிட்டு வரும் வெந்நீர் எண்பது, தொண்ணூறு டிகிரிச் சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டை வீணாக்குவதில்லை. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட தொட்டிக்குள் கடல்நீரை விட்டு, இந்தச் சூட்டைக் காட்டுகிறார்கள். பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை நூறைத் தாண்டுகிறது அல்லவா, இங்கே நடப்பது அதற்கு நேரெதிர். அழுத்தம் குறைவதால் நூறு டிகிரியை எட்டாமலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. உப்பு கீழே தங்கிவிடும், ஆவியைக் குளிரவைத்தால் நன்னீர். காய்ச்சி வடித்த நீருக்குச் சுவை இருக்காது என்பதால் தாது உப்புகளைச் சேர்த்து, குளோரின் கலந்து குழாய்க்கு அனுப்புகிறார்கள். மீதித் தேவைக்கு நம் ஊர் 'ஆர்ஓ' முறையேதான், அளவு மட்டும் பெரிது.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கடல்நீர் சுத்தமாக இருக்க வேண்டும். கரையோரத்திலும் துறைமுகத்திலும் இந்த வேலையை நிறுத்திவைப்பார்கள். கடலில் ஓடும் நாட்களில்தான் தொட்டிகள் நிரம்பும். பயணிக்கு ஓய்வுநாளாகத் தெரியும் சீ டே, கப்பலின் அடித்தளத்துக்கு வேலைநாள்.

சிலியின் சந்துகள்

சிலிக் கரையில் முதல் கெடுபிடி பழத்துக்கு. அந்த நாட்டின் விவசாயப் பாதுகாப்புத் துறை மிகக் கண்டிப்பானது. காலை உணவு மேசையிலிருந்து ஒரு ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாலும் பிடித்து அபராதம் போடுவார்கள். பூச்சியும் நோயும் நாட்டின் பழத்தோட்டங்களுக்குள் நுழைந்துவிடக் கூடாதென்ற பயம்.

அங்கிருந்து தெற்கே, மலைகளுக்கு நடுவே புகுந்து புறப்படும் நீர்ச்சந்துகள். சிலியின் பைலட்டுகள் பல நாட்கள் கப்பலிலேயே தங்கி வழிகாட்டுகிறார்கள். ஏன் தேவை என்பதற்கு மெசியே கால்வாயில் சாட்சி நிற்கிறது. 1968இல் ஒரு பாறைத்திட்டில் ஏறி மாட்டிக்கொண்ட 'கேப்டன் லியோனிடாஸ்' என்ற சரக்குக் கப்பலின் துருப்பிடித்த கூடு இன்றும் நடு நீரில் நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் வருபவர்களுக்கு அதுவே எச்சரிக்கை அடையாளம்.

மெகல்லன் நீரிணையில் உள்ள புந்தா அரேனாஸ், பனாமா கால்வாய் வரும்வரை கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் பெரிய துறையாக இருந்தது. அந்த ஊர்ச் சதுக்கத்தில் 1920இல் நிறுவிய மெகல்லன் சிலையின் காலடியில் ஒரு பழங்குடி மனிதரின் உருவம் அமர்ந்திருக்கிறது. அதன் கால்விரலைத் தொட்டால் மீண்டும் இங்கே வருவோம் என்பது நம்பிக்கை. உடம்பெல்லாம் கறுத்திருக்க, அந்தக் கால் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது.

ஹார்ன் முனையில் சிறகு விரிப்பது

1616இல் டச்சு மாலுமிகள் ஸ்கௌட்டனும் லெ மேரும் சுற்றிவந்த ஹார்ன் முனை தெற்கு அட்சரேகை 56ஐ ஒட்டி இருக்கிறது. அந்த அட்சரேகையில் மேலைக்காற்றைத் தடுக்க உலகம் முழுவதும் நிலமே இல்லை. சுற்றிச் சுற்றி வலுத்த அலைகள் ஆழ்கடலிலிருந்து இந்த முனையருகே ஆழம் குறைந்த தளத்துக்கு வரும்போது செங்குத்தாக எழும்புகின்றன.

இங்கேதான் கப்பல் தன் சிறகை விரிக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் மடிந்திருக்கும் 'ஸ்டெபிலைசர்' என்ற துடுப்புகள் வெளியே நீளும். கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை சுழல்மானி உணர்ந்து சொன்னதும், சாயும் பக்கத்துத் துடுப்பு மேல்நோக்கித் தள்ளும்படியும் மறுபக்கத்துத் துடுப்பு கீழ்நோக்கித் தள்ளும்படியும் கோணம் மாறும். விமான இறக்கையின் தத்துவமேதான். இரண்டு குறைகள் உண்டு. கப்பல் ஓடினால்தான் துடுப்பு வேலை செய்யும், நின்றால் பயனில்லை. பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குமே தவிர, முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அடக்காது. அந்த ஆட்டம் இரு கோடிகளிலும் அதிகம், நடுவில் குறைவு. விலை கூடிய முன்பக்கத்து மேல்தள அறையில் இருப்பவர் படுக்கையைப் பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் தாழ்ந்த தளத்தில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். படிக்கட்டுக் கைப்பிடிகளில் காகிதப் பைகளைப் பணியாளர்கள் செருகிவைத்தால் வானிலை அறிக்கையைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை.

காற்று மறுத்தால் ஊர் இல்லை

அடுத்தது ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகர் ஸ்டான்லி. 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரால் உலகம் அறிந்த ஊர். உள்துறைமுகத்தின் வாய் குறுகல் என்பதால் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கின்றன. உயிர்காப்புப் படகுகளில் சிலவற்றை இறக்கி, 'டெண்டர்' என்ற பெயரில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுவிடுவார்கள். ஊரில் தேவாலயத்தை ஒட்டி நீலத் திமிங்கிலங்களின் தாடை எலும்பால் 1933இல் அமைத்த வளைவு இருக்கிறது. கரடுமுரடான புல்வெளியில் ஜீப்பில் போனால் வாலண்டியர் பாயிண்டில் ராஜ பென்குவின்கள். இவையெல்லாம் காற்று சம்மதித்தால்தான். நிற்கும் கப்பலின் பக்கவாட்டில் படகு ஏறி இறங்கத் தொடங்கினால், பயணியின் கால் தவறுகிற இடம் அதுவே. கேப்டன் யோசிக்க மாட்டார், ஊரை ரத்து செய்துவிட்டு நங்கூரத்தைத் தூக்கிவிடுவார்.

சேறும் நன்னீரும்

லா பிளாட்டா ஆற்றின் வாய் சுமார் 220 கிலோமீட்டர் அகலம். பார்த்தால் கடல், ஆழமோ சொற்பம். புவனோஸ் ஐரெஸுக்குப் போகும் கப்பல்கள் தூர்வாரிய கால்வாய்த் தடத்தில் மெதுவாகத்தான் ஊர்கின்றன. மெதுவுக்குக் காரணம் இருக்கிறது. அடியில் இடைவெளி குறைவாக இருக்கும்போது கப்பல் வேகமெடுத்தால், அந்தச் சிறு இடுக்கில் தண்ணீரும் வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும், கப்பல் கீழே இழுபடும். எட்டு மீட்டர் ஆழத்துக்கு மூழ்கியிருக்கும் கப்பல் இன்னும் அமிழ்ந்து தரைதட்ட இது போதும்.

அமேசானில் வேறொரு பாடம். கடல்நீரைவிட ஆற்றுநீர் அடர்த்தி குறைந்தது, தாங்கும் சக்தியும் குறைவு. அதே சுமையோடு கப்பல் ஆற்றுக்குள் நுழைந்தால் 15, 20 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் அதன் குறுக்கே கோடும், பக்கத்தில் ஏணிபோல் சில கோடுகளும் வரைந்திருப்பதைக் கரையில் நின்றே பார்க்கலாம். அளவுமீறிச் சரக்கேற்றி மாலுமிகளைப் பலிகொடுத்த முதலாளிகளை எதிர்த்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடிய சாமுவேல் பிளிம்சால் பெயரால் வழங்கும் குறி அது. கடல்நீருக்கு ஒரு கோடு, நன்னீருக்கு ஒரு கோடு, வெப்பமண்டல நன்னீருக்கு ஒரு கோடு என்று தனித்தனியாக உண்டு.

ஆற்றில் சேறு என்பதால் தண்ணீர் காய்ச்ச முடியாது, தொட்டியில் இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். இரவில் வெளித்தளத்து விளக்குகளைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படியும் விடியற்காலையில் பணியாளர்கள் விளக்குமாறோடு நிற்பார்கள், தளமெங்கும் பூச்சிகள்.

கடலிலிருந்து 1,500 கிலோமீட்டர் உள்ளே மனாவுஸ். ரப்பர் பணத்தில் கட்டி 1896இல் திறந்த இசைநாடக அரங்கம் இந்த ஊரின் பெருமை. கப்பல் கண்ணோடு பார்த்தால் அதைவிட வியப்பு, ஊரின் மிதக்கும் துறைமேடை. அமேசானின் துணையாறான நீக்ரோவின் மட்டம் இங்கே ஓராண்டுக்குள் பத்து மீட்டர் ஏறி இறங்குவது சாதாரணம். 2021இல் அளவுகோல் 30 மீட்டரைத் தொட்டது, 2024 அக்டோபரில் சுமார் 12 மீட்டருக்கு இறங்கியது. நிலையான மேடை கட்டினால் பாதி நாள் மூழ்கிக் கிடக்கும் அல்லது கப்பலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும். அதனால் மிதவைகள் மேல் மேடை அமைத்தார்கள். ஆறு ஏறினால் கப்பலும் மேடையும் சேர்ந்தே ஏறும்.

போக நினைப்பவர்களுக்கு

இப்படியொரு பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஊர் என்று மட்டும் எண்ண வேண்டாம். எந்தெந்த ஊரில் டெண்டர் படகு என்று கேளுங்கள். அவை கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை நடுவில், தாழ்ந்த தளத்தில் கிடைத்தால் போதும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்புகிறவர்களை விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது.