நாஜி போஸ்டரில் இருந்த அந்த முகம்... யார் இந்த மார்செல் டாலியோ?

'காசாபிளாங்கா' (1942) பார்த்தவர்களுக்கு அந்த சீன் மறக்காது. இங்கே சூதாட்டம் நடக்குதா என்று அதிர்ச்சி காட்டி, போலீஸ் அதிகாரி கிளப்பை மூடச் சொல்வார். உடனே ஒரு ஊழியர் வந்து, சூதாட்டத்தில் அதே அதிகாரி ஜெயித்த பணத்தை அவர் கையில் கொடுப்பார். சில நொடிதான். டைட்டிலில் பெயர்கூட கிடையாது.

அவர்தான் மார்செல் டாலியோ. பிரான்ஸில் அவர் சாதாரண ஆள் இல்லை. ழான் ரெனுவார் இயக்கிய 'தி கிராண்ட் இல்யூஷன்' (1937) படத்தில் யூத ராணுவ அதிகாரி, 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' (1939) படத்தில் பிரபு என முக்கிய வேடங்களில் கலக்கியவர்.

அப்புறம் ஏன் இந்த நிலைமை?

டாலியோ யூதர். 1940-ல் நாஜிப் படை பாரிஸை நெருங்கியதும், மனைவி மேடலின் லெபோவுடன் வெளியேறினார். 'யூதர் என்றால் இப்படித்தான் இருப்பார்' என்று காட்ட, நாஜிக்கள் அவர் படத்தையே போஸ்டராக ஒட்டினார்கள்.

ஹாலிவுட்டில் கிடைத்தது பெரும்பாலும் துண்டு துக்கடா 'பிரெஞ்சுக்காரர்' வேடங்கள்தான். 'காசாபிளாங்கா'வில் பிரெஞ்சு தேசிய கீதம் பாடிக் கண்கலங்கும் பெண், லெபோ.

போருக்குப் பிறகு பிரான்ஸ் திரும்பினார் டாலியோ. 1973-ல் வந்த 'ரபி ஜேக்கப்' காமெடிப் படத்தில் அவருக்கு யூத மதகுரு வேடம். வெறுப்பைப் பரப்பப் பயன்பட்ட அதே முகத்தை, பிரான்ஸ் தியேட்டரில் ரசித்துப் பார்த்தது.