சூப்பர் என்று சொன்ன பிறகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால் மணி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. எதிரே அக்கா மகன். ஐந்தரை மணிக்குக் கிளம்பி கயிலாசநாதர் கோயில், சர்வதீர்த்தக் குளம், ஏகாம்பரநாதர் சந்நிதித் தெரு, நெசவுத் தெருக்கள் என்று சுற்றி வந்ததில் அவன் செல்போனில் 114 படங்கள். அதில் இருபதை வழியிலேயே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். பதிலும் வந்துவிட்டது: ஏழு 'சூப்பர்', நாலு கட்டைவிரல், சித்தப்பாவிடமிருந்து வழக்கம்போல ஒரு ரோஜாப்பூ.

"எப்படி இருக்கு மாமா, சொல்லுங்க" என்று போனை நீட்டினான்.

'சூப்பர்' என்பது முதுகில் தட்டிக்கொடுப்பது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குப் போவது, எங்கே நிற்பது என்று ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. படம் எடுக்கச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எடுத்த படத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தருவாரில்லை. அன்று ஒரு டீயில் தொடங்கி மூன்று டீயில் முடிந்த பேச்சு இது.

"114-ம் வேணாம். மூணே மூணு எடு. எடுத்து வச்சுட்டு ஒரு நிமிஷம் நீ பேசாதே."

இந்தப் 'பேசாதே'வில் காரணம் இருக்கிறது. எடுத்தவனுக்கு அந்த இடத்தின் குளிர், கிளிச் சத்தம், ஈர மண் வாசனை எல்லாம் இன்னும் உடம்பில் இருக்கும். பார்ப்பவனுக்குக் கிடைப்பது உள்ளங்கை அகலக் கண்ணாடியில் தெரிவது மட்டும். எடுத்தவன் முந்திக்கொண்டு கதை சொல்லிவிட்டால், படத்தில் இல்லாததையும் இருப்பதாக எண்ணி நாம் தலையாட்டுவோம். அதனால் முதல் பேச்சு பார்ப்பவனுடையது. நல்லது, கெட்டது அப்புறம். கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, எங்கே மாட்டிக்கொண்டது என்று சொன்னால் போதும்.

முதல் படம், கயிலாசநாதர் கோயிலுக்கு வெளியே இருக்கும் பெரிய நந்தி. "கண்ணு முதல்ல நந்தியோட முதுகுக்குப் போகுது. அங்கேயே நின்னுடுது. முகம் ஒரே இருட்டு" என்றேன்.

"போன்ல ஏதாவது செட்டிங் மாத்தணுமா?"

"திசையை மாத்தணும்."

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய அந்தக் கோயில் கிழக்குப் பார்த்தது. நந்தி கோயிலைப் பார்த்து, அதாவது மேற்கு முகமாக, உட்கார்ந்திருக்கிறது. காலை வெயில் கோயிலின் முகப்பில் விழும்போது நந்தியின் முதுகில்தான் விழும். முகம் வேண்டும் என்றால் வெயில் மேற்கே இறங்கும் பிற்பகலில் வர வேண்டும். அப்போது கோயில் முகப்பு நிழலுக்குப் போய்விடும். ஒரே இடத்துக்கு இரண்டு வேளை நடந்தாக வேண்டும்.

நாளுக்கு இரண்டு வேளை போல ஆண்டுக்கும் கணக்கு உண்டு. காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 12.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து வரும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்கிலேயே சாய்ந்து போவதால், தெற்குச் சுவர் தட்சிணாமூர்த்திக்குப் பகலெல்லாம் வெளிச்சம் கிடைக்கும், காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில். பக்கவாட்டில் விழும் வெளிச்சம்தான் செதுக்கலின் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டும். தலைக்கு மேல் வெயில் வந்துவிட்டால் கபோதம் எனப்படும் கூரை விளிம்பின் நிழல் சிற்பத்தின் முகத்தில் படிந்துவிடும்.

காலை வெயிலுக்கு அந்தத் தேன் நிறம் ஏன் என்றும் கேட்டான். உச்சியிலிருந்து வரும் வெளிச்சத்தைவிட அடிவானத்திலிருந்து வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப் போய்விட, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி வந்து சேர்கின்றன. அது அந்தக் கோயிலின் மணற்கல்லில் பட்டால் கேட்க வேண்டுமா? அரை மணி நேரச் சரக்கு. ஆறே முக்காலுக்குக் கடை கட்டிவிடும்.

இரண்டாவது படம், ஏகாம்பரநாதர் ராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பியது, 59 மீட்டர் உயரம். படத்தில் கோபுரம் மல்லாந்து விழுவதுபோல இருந்தது.

"முழுசா வரணும்னு கிட்ட நின்னு போனை அண்ணாத்திப் பிடிச்சே இல்ல?"

"ஆமா."

போனை மேலே சாய்த்தால் கோபுரத்தின் அடி பக்கமாகவும் உச்சி தூரமாகவும் ஆகிவிடுகிறது. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். கோபுரமே மேலே போகப் போகக் குறுகும்படி கட்டியது. போனைச் சாய்த்தால் ஸ்தபதி குறுக்கியதற்கு மேல் நீயும் கொஞ்சம் குறுக்குகிறாய். சந்நிதித் தெருவில் நன்றாகப் பின்னால் வந்து, போனைச் சுவர்போல நேராகப் பிடித்து எடுத்தால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். கீழே தார் ரோடு நிறைய வரும். அதை வீட்டில் வெட்டிக்கொள்ளலாம், அல்லது அங்கே ஒரு பூக்காரம்மா கூடையோடு வரும்வரை காத்திருக்கலாம். ஆள் ஒருவர் உள்ளே இருந்தால்தான் 59 மீட்டர் என்பது எவ்வளவு என்று பார்ப்பவருக்கு உறைக்கும்.

மூன்றாவது படத்தைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கவில்லை. தெருவில் பாவு போட்டிருக்கும் படம். தெருவின் நீளத்துக்குக் குறுக்குக் கம்புகளின் மேல் பட்டு நூல் அரக்கு நிறத்தில் இழுத்துக் கட்டியிருக்க, இரண்டு பேர் குனிந்து கஞ்சி தடவிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்தவர்.

"இது ஆறரைக்குள்ள எடுத்தது தம்பி."

"எப்படிங்க ஐயா தெரியும்?"

"கஞ்சி இன்னும் காயலையே. நூல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு பாரு. வெயில் ஏறுறதுக்குள்ள பிரிச்சு விட்டாகணும். அதான் அவன் அந்த அவசரத்துல குனிஞ்சிருக்கான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உடல் நல்லா நெய்ஞ்சிருக்கே. கரையைத்தான் காணோம்."

படத்தைத் திரும்பப் பார்த்தோம். இடது ஓரத்தில் பாதி பைக் சக்கரம். வலது ஓரத்தில் யாருடைய முழங்கையோ. மேலே கரண்டு கம்பி ஒன்று உள்ளே வந்து போயிருக்கிறது. எடுக்கும்போது பட்டு நூலின் பளபளப்பில் கண் போய்விட, நாலு ஓரத்தையும் அவன் பார்க்கவே இல்லை.

படத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிட நல்ல சொற்களை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. புடவைக்கு உடல், கரை, முந்தி. படத்துக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். முந்தி என்பது கண் போய்ச் சேர வேண்டிய இடம். ஜரிகை வேலையெல்லாம் அங்கே. உடல் என்பது அமைதியாக விட வேண்டிய பரப்பு: வானம், தண்ணீர், வெறும் சுவர். அங்கேயும் புட்டாவை நெருக்கி அடித்தால் முந்தி எடுபடாது. கரை என்பது நாலு ஓரம்.

கோர்வை என்றும் ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், இருபக்கக் கரையும் வேறு நிறம் என்றால் குறுக்கு நூலை, அதாவது ஊடையை, ஓட்டும் நாடா மூன்று வேண்டும். ஒருவர் கை போதாது, பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துக்கொள்ளும். நிலக்காட்சிப் படத்தில் அந்தக் கோர்வை, வானமும் தரையும் சேரும் கோடு. அது எங்கே விழுகிறது, சாய்ந்திருக்கிறதா, கோபுரக் கலசத்தை உரசுகிறதா என்று பார்த்தாலே பாதிப் படத்தைப் பேசியதாகிவிடும்.

"புடவை வாங்கத் தெரிஞ்சவங்க முன்பக்கத்தைப் பார்த்துட்டு எழுந்திரிக்க மாட்டாங்க. திருப்பிப் பார்ப்பாங்க" என்றார் பெரியவர்.

படத்துக்குப் பின்பக்கம் இல்லை. ஆனால் தலைகீழ் இருக்கிறது. போனில் ஆட்டோ ரொட்டேஷனை அணைத்துவிட்டு அப்படியே கவிழ்த்துப் பிடித்தோம். தெரு, ஆள், பாவு என்ற பெயர்கள் போய், வெளிச்சமும் இருட்டும் வடிவமும் மிஞ்சின. உடனே அந்தப் பைக் சக்கரம் துருத்திக்கொண்டு வந்தது. பழைய பெரிய காமிராக்களில் துணி மூடிப் பார்த்தவர்களுக்குக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும். சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்று அவர்கள் முடிவு செய்ததெல்லாம் அப்படிப் பார்த்துத்தான்.

பெரியவர் கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "தெருவில பாவை எடு, ஆனா கேட்டுட்டு எடு. தறி மேல இருக்கிற புது டிசைனை மட்டும் எடுக்காதே. புடவை கடைக்குப் போறதுக்கு முன்னாடி டிசைன் போயிடும்."

பகிர்வதன் முதல் விதி அதுதான் என்று நினைக்கிறேன். யாருடையதை எடுத்தோமோ அவருக்கு நட்டம் வரக்கூடாது. கோயிலுக்கும் விதி உண்டு. கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கயிலாசநாதர் கோயில் தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கிறது. அங்கே மூன்று கால் ஸ்டாண்டு வைக்க அனுமதி வாங்க வேண்டும்.

இரண்டாவது டீ வந்தபோது, மூணே மூணு என்ற பேச்சை மீறி நாலாவது படத்தைக் காட்டினான். சர்வதீர்த்தக் குளம், கரையோரச் சின்னக் கோயில்கள், தண்ணீரில் அவற்றின் தலைகீழ் உருவம், மேலே செங்காவி வானம்.

"வானத்துல கை வச்சே."

"எப்படி மாமா?"

தண்ணீர் தன்மேல் விழும் வெளிச்சம் முழுவதையும் திருப்பித் தராது. அதனால் நீரில் தெரியும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிட எப்போதும் ஒரு மாற்று குறைவாகத்தான் இருக்கும். இந்தப் படத்தில் தண்ணீர் வானத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. பயலுக்கு வெட்கம். எதற்கு வெட்கம்? லின்னேயஸ் ட்ரைப் சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர் கோயில்களையெல்லாம் எடுத்து 1858-இல் தொகுதிகளாக வெளியிட்டார். அவருடைய காகித நெகட்டிவ் நீல வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும். அதனால் நெகட்டிவின் மேலேயே மேகத்தைத் தீட்டிச் சேர்த்தார். அதே மனிதர்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிச்சுவர்க் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். மேகத்தில் கைவைத்தவர் எழுத்தில் கைவைக்கவில்லை. வானத்தைக் கொஞ்சம் தூக்குவது ருசி. இருக்கிற கட்டடத்தை அழிப்பது, இல்லாத மரத்தை நடுவது வேறு கணக்கு. எதைச் செய்தாலும் கேட்டால் சொல்லிவிட வேண்டும்.

இப்படி உட்கார்ந்து படம் பேசுவது நமக்குப் புதிதும் இல்லை. மெட்ராஸ் புகைப்படச் சங்கம் 1857-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. சென்னைக் கலைப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் அதை ஆரம்பித்தவர்.

மூன்றாவது டீ. "இப்போ இதுல எங்கே, எப்போ, எந்தத் திசை பார்த்துன்னு எழுது" என்றேன்.

"போன்லயே தேதி, இடமெல்லாம் இருக்குமே?"

உன் போனில் இருக்கும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், உள்ளே இருக்கும் இட விவரத்தையும் எடுத்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் முழுசாகப் போகும். எதில் அனுப்பினாலும், கீழே நாலு வார்த்தை எழுதிவிட்டால் அது படத்தோடு நடக்கும்.

அந்த நாலு வார்த்தையின் விலையை அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் கேட்க வேண்டும். அந்த ஊர்க் கோயிலின் சோழர்கால நடராசர் திருட்டுப் போய், 2008-இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய சிலையானது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துப் பெயரும் இடமும் தேதியும் குறித்து அடுக்கி வைத்திருக்கிறது. அங்கே 1994-இல் எடுத்த ஸ்ரீபுரந்தான் நடராசர் இருந்தார். அந்தப் படத்தையும் கான்பெராச் சிலையின் படத்தையும் பக்கத்தில் வைத்தபோது அடையாளம் ஒத்துப்போனது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர்ப்பெயரும் தேதியும் இல்லாமல் கிடந்திருந்தால் அந்தப் படம் ஏதோ ஒரு நடராசர் படம்.

பையன் ஓரத்துச் சக்கரத்தையும் முழங்கையையும் வெட்டிவிட்டு, பாவுப் படத்தை மட்டும் திரும்பப் போட்டான். கீழே எழுதினான்: 'பிள்ளையார்பாளையம், ஞாயிறு காலை 6.20, கிழக்குப் பார்த்து. பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள்.' தெருவின் பெயரையும் சேர்த்தான்.

இந்த முறை சூப்பர் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அவன் பாட்டியிடமிருந்து குரல் பதிவு வந்தது. "ஏம்ப்பா, அந்தத் தெரு முனையில ஒரு வேப்பமரம் இருக்குமே, அதுங்கீழதான் எங்கப்பா பாவு போடுவாரு. இருக்கா இன்னும்?"

பெரிதாக்கிப் பார்த்தான். வெட்டாத படத்தைத் திறந்து அதிலும் தேடினான். வலது ஓரம் முழங்கையோடு முடிந்துவிட்டது. முனை அதற்கு அந்தப் பக்கம்.

"மாமா, டீக்குக் காசு கொடுத்துடுங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று எழுந்து நடந்தான்.