அம்பலம் ஏறிய சொல்

ஒரு தேசத்தின் நியாயஸ்தலங்களும் மந்திரி சபைகளும் பெரும்பாலான பத்திரிகைகளும் இருபது ஆண்டுகளாகக் கேட்டும் பெரும்பாலும் கேளாதிருந்த ஒரு முறையீடு, புத்தாண்டு விடுமுறையில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த சாதாரண ஜனங்களின் செவியில் விழுந்து, அவர்களுடைய கோபமாகவும் வெட்கமாகவும் மாறி, பிரதம மந்திரியையே எழுந்து நின்று புதுச் சட்டம் கொண்டுவருவதாக வாக்களிக்கச் செய்தது என்று எவரேனும் கதை எழுதியிருந்தால், உலக நடப்பு அறிந்தவர்கள் அதை ஆசிரியரின் அளவு கடந்த நம்பிக்கை என்றே கருதியிருப்பார்கள். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனில் அது நடந்தது.

ஐ.டி.வி. என்ற தொலைக்காட்சி நிறுவனம் அந்த மாதம் முதல் தேதி தொடங்கி நான்கு இரவுகள் ஒளிபரப்பிய அந்த நாடகத்தின் பெயர் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆஃபீஸ்'. எழுதியவர் க்வினெத் ஹியூஸ் என்ற பெண்மணி. இயக்கியவர் ஜேம்ஸ் ஸ்ட்ராங். தம் தபால் நிலையத்தை இழந்து போராடிய ஆலன் பேட்ஸாக நடித்தவர் டோபி ஜோன்ஸ். கொலையோ காதலோ துரத்தலோ இல்லாமல், கணக்குப் புத்தகத்தில் வந்த துண்டைப் பற்றி எடுக்கப்பட்ட இந்த நாடகத்தைச் சில வாரங்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்துவிட்டார்கள்.

விஷயத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் கிராமங்களிலும் சிறு பட்டணங்களிலும் உள்ள தபால் நிலையங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் அல்லர். சொந்தச் சேமிப்பைப் போட்டு ஒரு கடையை வாங்கி, அதன் ஒரு பக்கத்தில் மளிகையும் மறு பக்கத்தில் தபால் அலுவலும் பார்த்துக்கொண்டு, முதியோரின் ஓய்வூதியம் முதல் ஊராரின் மின்கட்டணம் வரை கையாளும் ஒப்பந்தக்காரர்கள் அவர்கள். 1999-ஆம் ஆண்டு முதல் இந்த நிலையங்களில் 'ஹொரைஸன்' என்ற கணினிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அதைப் பராமரித்தது புஜித்ஸு நிறுவனம். அம்முறை வந்தபின் நாடெங்கும் பல நிலையங்களில், பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் திரை காட்டும் தொகைக்கும் பொருந்தாமல் போயிற்று. குறையும் பணத்தை ஒப்பந்தப்படி நிலையத்தை நடத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்று தபால் நிறுவனம் வற்புறுத்தியது. கட்ட இயலாதவர்கள்மேல் திருட்டு, பொய்க்கணக்கு, மோசடி என்று குற்றம் சாட்டப்பட்டது.

இங்கிலாந்தின் சட்டத்தில் இரண்டு அம்சங்கள் இந்த அநீதிக்கு வழி திறந்தன. அந்நாட்டில் போலீஸையோ அரசாங்க வழக்கறிஞரையோ நாடாமல் ஒரு நிறுவனம் தானே குற்ற வழக்குத் தொடுக்கலாம். ஆகவே தபால் நிறுவனம் தானே பாதிக்கப்பட்ட கட்சியாகவும், தானே புலன் விசாரிப்பவராகவும், தானே வழக்குத் தொடுப்பவராகவும் இருக்க முடிந்தது. மற்றது இன்னும் நுட்பமானது. கணினியின் கணக்கைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர் அக்கணினி சரியாக இயங்கியது என்று முதலில் காட்ட வேண்டும் என 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்திருந்தது; 1999-இல் அந்த விதி நீக்கப்பட்டு, மறுத்து நிரூபிக்கப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்று நியாயஸ்தலம் அனுமானித்துக்கொள்ளும் நிலை வந்தது. ஹொரைஸன் கடைகளுக்குள் நுழைந்த அதே காலத்தில், இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டிய பொறுப்பு அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாத கிராமத்துக் கடைக்காரர் தலையில் விழுந்தது. இவ்வாறு 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010-இல் கருவுற்றிருந்த நிலையிலேயே சிறைக்குச் சென்றார். பிரிட்லிங்டன் என்ற கடற்கரை ஊரில் நிலையம் நடத்திய லீ காஸில்டன், ஏறத்தாழ 25,000 பவுண்டு பற்றிய உரிமை வழக்கில் 2007-இல் தோற்று, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பவுண்டு செலவுத் தொகை சுமத்தப்பட்டுத் திவாலானார்.

நாடகத்தில் பார்வையாளர்கள் மறக்க முடியாமல் பேசியது ஒரு சிறு காட்சியைப் பற்றி. ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்துக் கடையில் ஜோ ஹாமில்டன் என்ற அம்மையார் - மோனிகா டோலன் இப்பாத்திரத்தை ஏற்றார் - இரவில் கடையை அடைத்துவிட்டுக் கணக்கு முடிக்க உட்காருகிறார். இரண்டாயிரம் பவுண்டு குறைகிறது. உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, மறுமுனையில் இருப்பவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பொத்தானாக அழுத்துகிறார். அவர் கண்ணெதிரே அந்தக் குறை இரு மடங்காகிறது. எப்படிச் சரி செய்வது என்று பதறிக் கேட்டால், அதை அவர்தான் கட்டியாக வேண்டும் என்ற பதில் வருகிறது. கணக்கு ஒத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளாமல் மறுநாள் நிலையத்தைத் திறக்க முடியாது. ஒத்துவிட்டது என்று எழுதினால் அதுவே பொய்க்கணக்கு ஆகும். உண்மையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. வீட்டை அடகு வைத்தும் தீராமல், திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதற்கு ஈடாகப் பொய்க்கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார் அவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தக் கிராமம் மட்டும் அதற்கு விலக்காக நின்று, பணம் திரட்டிக் கொடுத்ததோடு, தண்டனை சொல்லப்பட்ட நாளில் நியாயஸ்தலத்துக்கும் திரண்டு வந்தது. மற்ற பல ஊர்களில் தபால் நிலையக்காரர் குடும்பம் தெருவில் தலைகாட்ட முடியாமல் போயிற்று.

துண்டு விழுந்த ஒவ்வொருவரிடமும் தபால் நிறுவனத்தார் சொன்னது ஒன்றுதான்: இப்படிப்பட்ட சிரமம் வேறு யாருக்கும் இல்லை, உங்களுக்கு மட்டுமே. நாடகம் இந்தச் சொல்லை மீண்டும் மீண்டும் கேட்க வைத்தது. ஓர் ஊரில் ஒருவர், மற்றோர் ஊரில் இன்னொருவர் என்று அதே வாசகத்தை நம்பி அழுவதை, எல்லா ஊர்களையும் ஒருங்கே பார்க்கும் பார்வையாளர் மட்டுமே அறிகிறார். அந்த அறிவு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. பலரும் முதலில் கேட்ட கேள்வி, இது ஏன் எங்களுக்கு முன்பே தெரியாமல் போயிற்று என்பது.

தெரியாமல் போகவில்லை, சொல்லப்பட்டேயிருந்தது. வேல்ஸ் தேசத்து லண்டட்னோ நகரில் தம் நிலையத்தை 2003-இல் இழந்த ஆலன் பேட்ஸ் அன்று முதலே ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். 2009 மே மாதத்தில் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற தொழில்நுட்பப் பத்திரிகையில் ரெபெக்கா தாம்ஸன் என்ற நிருபர் ஏழு பேரின் கதையை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்துப் பொதுக்கூடத்தில் பாதிக்கப்பட்டோர் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 'பிரைவேட் ஐ' பத்திரிகை 2011 முதல் எழுதியது; நிக் வாலிஸ் என்ற நிருபர் வானொலியிலும் நூலிலும் இதைத் தம் வாழ்நாள் வேலையாகவே ஏற்றார்; பி.பி.சி.யின் 'பனோரமா' 2015-இல் புஜித்ஸுவின் முன்னாள் ஊழியர் ஒருவரைப் பேச வைத்தது. அந்நிகழ்ச்சியைத் தடுக்கத் தபால் நிறுவனம் தன்னை மிரட்டியதாக பி.பி.சி. பின்னாளில் வெளியிட்டது. இத்தனையும் நடந்தும், பெரிய நாளேடுகளின் முதல் பக்கத்தில் இது தொடர்ந்து இடம்பெறவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற நம் பழமொழி இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் அமைந்ததில்லை.

நாடகத்தால் ஆனது செய்தியால் ஏன் ஆகவில்லை என்பதைப் பற்றிப் பலரும் பல விதமாக அபிப்பிராயம் சொன்னார்கள். செய்தி என்பது புதிதாக இருந்தாக வேண்டும். நேற்று ஒரு தபால் நிலையக்காரர் சிறை சென்றார் என்றால் இன்று மற்றொருவர் செல்வது செய்தியாகாது. நாடகத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அது ஒரே மனிதரோடு பல ஆண்டுகள் உடன் நடக்கிறது. அவருடைய தலை நரைப்பதையும், கடிதத்துக்குப் பதில் வராத மாதங்களையும் காட்டுகிறது. தாமதம்தான் இந்த அநீதியின் உயிர்நிலை என்பதால், தாமதத்தைக் காட்டவல்ல கலைக்கே அது வசப்பட்டது என்பது என் துணிபு.

விளைவு விரைந்து வந்தது. தபால் நிறுவனத்தின் முன்னாள் தலைவி பாலா வென்னல்ஸ் பெற்ற அரச விருதைப் பறிக்கக் கோரிய மனுவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். ஜனவரி 9-ஆம் தேதி அவர் அதைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். கடைசிப் பகுதி ஒளிபரப்பான ஆறாம் நாள், அதாவது ஜனவரி 10 அன்று, பிரதமர் ரிஷி சூனக் தண்டனைகள் அனைத்தையும் ரத்துச் செய்யச் சட்டம் வரும் என்றார். அதுவரை நியாயஸ்தலங்களின் வழியாக ரத்தாகியிருந்தவை 93 மட்டுமே. மே 24 அன்று அச்சட்டம் நிறைவேறியது. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் வந்தது. பேட்ஸுக்கு ஜூன் மாதத்தில் 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்த பலர் நாடகத்தைப் பார்த்தபின் வழக்கறிஞர்களைத் தேடி வந்தார்கள். மற்ற எல்லாவற்றிலும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

எனினும் எல்லோரும் ஒருமுகமாகப் புகழ்ந்துவிடவில்லை. அந்நாட்டின் தலைமை நீதிபதியே, நியாயஸ்தலம் அளித்த தீர்ப்புகளைப் பாராளுமன்றம் மொத்தமாக அழிப்பது எல்லை மீறும் விஷயமல்லவா என்ற கவலையை வெளியிட்டார். இக்கவலை அற்பமானதன்று. இன்று நிரபராதிகளை விடுவிக்கப் பயன்படும் கை நாளை வேறு காரியத்துக்கும் நீளலாம். மற்றோர் ஆட்சேபமும் உண்டு. நாடகத்துக்கு ஒரு முகம் வேண்டும். ஆகவே ஜனங்களின் சினம் முழுவதும் வென்னல்ஸ் என்ற ஒருவர்மேல் குவிந்தது. வழக்குத் தொடுத்த சட்ட நிபுணர்கள், குறையை அறிந்தும் மௌனம் சாதித்த பொறியாளர்கள், கட்சி பேதமின்றி மாறி மாறி வந்த மந்திரிகள் ஆகியோர் திரையில் ஒரு நிமிஷம் தோன்றி மறைபவர்களாகவும், தோன்றாதவர்களாகவும் இருந்தமையால் பார்வையாளர் நினைவில் தங்கவில்லை. இவர்களுள் சிலர் என்றேனும் குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்டால், ஒரு கோடிப் பேர் நாடகம் பார்த்த நாட்டில் பாரபட்சமற்ற பன்னிரண்டு ஜூரிகளைத் தேடுவது எளிதன்று.

இந்த ஆட்சேபங்களை எடை போடும்போது ஓர் உண்மையை மறக்கலாகாது. 1966-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'கேத்தி கம் ஹோம்', வீடற்ற ஒரு குடும்பத்தின் துயரைக் காட்டி அந்நாட்டையே உலுக்கிற்று. எனினும் வீடற்றோருக்கான சட்டம் 1977-இல்தான் வந்தது. அங்கே பதினோரு ஆண்டுகள் எடுத்த காரியம் இங்கே ஐந்து மாதத்துக்குள் முடிந்ததற்குக் காரணம், பார்வையாளர்கள் கோபம் கொண்ட நாளில் உண்மைகள் ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டுக் கிடந்தமையே. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் நீதிபதி ஃப்ரேஸர் 2019-இல் அளித்த தீர்ப்புகளில், ஹொரைஸனில் பிழைகள் இருந்ததும், கடைக்காரர் அறியாமலே வெளியிலிருந்து கணக்கைத் திருத்த முடிந்ததும் ஐயமற நிலைநாட்டப்பட்டன. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் ஜோ ஹாமில்டன் உள்ளிட்ட 39 பேரை விடுவித்தது. சர் வின் வில்லியம்ஸ் தலைமையில் பகிரங்க விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. நிக் வாலிஸ் இந்நாடகத்துக்கே ஆலோசகராக இருந்தார். சட்டமும் செய்தியும் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த சாட்சியத்தின்மேல்தான் நாடகம் நின்றது. அதனால்தான் பார்வையாளரின் தீர்ப்பு நியாயமாக அமைந்தது. அந்த அடிப்படை இல்லாத ஒரு நாடகம் இதே வேகத்தில் இதே சினத்தை எழுப்பியிருக்குமானால், நிரபராதி ஒருவர் அழிந்திருக்கவும் கூடும். ஆகையால் புகழில் பெரும்பங்கு, வாசகர் கவனியாத காலத்திலும் எழுதிக்கொண்டிருந்த அந்தச் சில நிருபர்களுக்கே உரியது.

இவ்வளவு கௌரவம் பெற்ற நாடகத்தால் தனக்குப் பணநஷ்டமே ஏற்பட்டது என்று ஐ.டி.வி. தெரிவித்ததையும் இங்கே குறிக்க வேண்டும். இத்தகைய படைப்புகளுக்கு முதல் போடுவோர் இனி எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. நாடகம் முடிந்தும் விஷயம் முடியவில்லை. 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதற்பகுதி, இந்தத் துன்பத்தின் காரணமாகக் குறைந்தது 13 பேர் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று கூறுகிறது. 2024-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைகளை நீக்கிற்றேயன்றி, கணினி சரியாகவே இயங்கியது என்று நியாயஸ்தலம் கொள்ளும் அந்த அனுமானத்தை நீக்கவில்லை. அதைப் பற்றி ஜனங்களின் கருத்தை அரசாங்கம் 2025 ஜனவரியில்தான் கேட்கத் தொடங்கியது. விருதைப் பறிக்கக் கையொப்பமிட்ட பத்து லட்சம் பேரும் அந்தச் சட்ட விதியை மாற்றவும் அதே முனைப்போடு குரல் கொடுக்க வேண்டும்.